ஐந்நூறு மில்லிகிராம், இம்மி பிசகாமல்

முட்டிதானே? பஸ்ல ஏறும்போதே பாத்தேன் சார். ரெண்டாவது படியில கம்பியைப் பிடிச்சு நின்னு, மூச்சு வாங்கிட்டுத்தான் மூணாவது படியில கால் வெச்சீங்க. இடது முட்டி. காலை நல்லா நீட்டிக்குங்க, நான் இப்படித் தள்ளி உட்காந்துக்கிறேன். நான் தஞ்சாவூர் போறேன், மக வீட்டுக்கு. நீங்க? கும்பகோணமா. சரி, இன்னும் குத்தாலமே வரலை.

என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. அந்தப் பேருங்களைக் கேட்டாலே எனக்கு ஆகாது. மூட்டுக்கு ஒரு பவுடர், எலும்புக்கு ஒரு கேப்சூல், ஜவ்வுக்கு ஒரு டப்பா. டப்பா மேல ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஓடுற மாதிரி படம். சீ. கருமம்.

நான் அம்பலவாணன். முத்திரை ஆய்வாளரா இருந்து ரிடையர் ஆனவன். முத்திரைன்னதும் எல்லாரும் பத்திர ஆபீசான்னு கேக்குறாங்க. அது இல்லை சார். கடைத் தராசு, எடைக்கல்லு, பெட்ரோல் பங்க் மிஷின், இதையெல்லாம் சோதிச்சு முத்திரை போடுற உத்தியோகம். முப்பத்தொரு வருஷம். கல்லுக்கு அடியில ஈயத்தைச் சுரண்டினவன், தட்டுக்கு அடியில புளியை அப்பினவன், மீன் கடையில தராசுத் தட்டைக் கால் கட்டைவிரலால அழுத்தினவன், அத்தனை பேரையும் பாத்தாச்சு. என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும். அந்த நெனப்புலதான் இருந்தேன். இப்பவும் அதுதான் சொல்றேன். ஏமாந்தது நான் இல்லை. அதைப் பின்னாடி சொல்றேன்.

வலி எனக்கு இல்லை சார், என் வீட்டுக்காரிக்கு. தையல்நாயகின்னு பேரு. அம்பத்தொன்பது வயசு. ஆறு வருஷமா ரெண்டு முட்டியும் போச்சு. கூட சக்கரை வேற, அது ஒரு மாத்திரையில அடங்கிக் கிடந்தது. மாயூரநாதர் கோயில் எங்க வீட்டுலேர்ந்து நானூறு அடி. அங்கே போய்ட்டு வர்றதுக்கு ரெண்டு எடத்துல உட்காருவா. எலும்பு டாக்டர்கிட்ட காட்டினோம். அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? தொடைச் சதையை வலுவாக்கணுமாம். தினமும் காலையில இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை காலைத் தூக்கித் தூக்கி இறக்கணுமாம். நாலு கிலோ எடை குறையணுமாம். காலைத் தூக்கி இறக்குன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்.

அப்பதான் ஆளாளுக்கு டப்பா கொண்டுவர ஆரம்பிச்சாங்க. இவ தம்பி ஒண்ணு வாங்கியாந்தான். பக்கத்து வீட்டு அம்மா ஆள் சேர்த்து விக்கிற சங்கிலித் திட்டத்துல சேர்ந்து ஒண்ணு விக்குது. போன்ல ஒருத்தி பேசுறா, 'அங்கிள், ஆன்ட்டியோட குருத்தெலும்பு தேஞ்சு போச்சு'ன்னு. நீ பாத்தியாடி? எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. சரி, ஒவ்வொண்ணா எடுத்து முறையா மதிப்பீடு பண்ணிடுவோம்னு ஒரு பதிவேடு போட்டேன்.

நீள நோட்டு. கட்டம் கட்டமா. தரையிலேர்ந்து எழுந்திரிக்க எத்தனை நொடி. பதினாலு மாடிப்படி ஏற எத்தனை நொடி. கோயிலுக்குப் போய்வர எத்தனை நிமிஷம். கடைசியில ஒரு அகலமான கட்டம், இதர விவரம். தினம் காலையில ஆறரைக்கு நான் கடிகாரத்தோட நிப்பேன், இவ எழுந்திரிப்பா. வலி எவ்வளவுன்னு ஒரு கட்டம் போடலையாப்பான்னு மக கேட்டா. வலியை எப்படிம்மா அளக்கிறது? இன்னைக்கு அதிகம்பா, நாளைக்குப் பரவால்லைம்பா. ஆதாரம் வேணாமா? எனக்கு உடம்புல ஒரு வலியும் கிடையாது சார், இந்த அறுபத்தாறு வயசுல. அதனாலதான் நடுநிலையா மதிப்பிட முடிஞ்சுது.

முதல்ல கொலாஜன் பவுடர். ஆரஞ்சு வாசனை. தண்ணியில கலக்கினா அடியில ஒரு வாடை. இவ மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பா. இருபதாவது நாள் டப்பாவைத் திருப்பிப் பாக்குறேன், எறும்பு மாதிரி எழுத்துல போட்டிருக்கான், மீன் தோல்லேர்ந்து எடுத்ததுன்னு. எங்க வீட்டுல முட்டை கூடக் கிடையாது சார். இவ கந்த சஷ்டி ஆறு நாளும் பட்டினி கிடக்கிறவ. எனக்கு எவ்வளவு அருவருப்பா இருந்திருக்கும் பாருங்க. டப்பாவைத் தொட்ட கையை மூணு தடவை கழுவினேன்.

நிறுத்தினீங்களான்னு கேக்குறீங்களா? எப்படி நிறுத்துறது? ஒவ்வொரு டப்பாவுக்கும் நாப்பத்தஞ்சு நாள் கணக்கு. இருபதாம் நாள்ல நிறுத்தினா மதிப்பீடு என்ன ஆகிறது? இவகிட்ட சொல்லலை. சொன்னா குடிக்க மாட்டா. மிச்சம் இருபத்தஞ்சு நாளும் நானே கலக்கிக் குடுத்தேன். பலன் சுழியம். ஒரு நொடி கூடக் குறையலை. பின்னாடி ஒரு நாள் எங்க மாப்பிள்ளை வந்தவர் அந்தக் காலி டப்பாவை எடுத்துப் படிச்சு, சத்தமா சொல்லிட்டார். இவ அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. மறுநாள் தலைக்குக் குளிச்சுட்டு வந்து அடுப்புக்கிட்ட போய்ட்டா. மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாத்துக்கும் காரணம் அந்த ஆள்தான்.

அப்புறம் மஞ்சள் கேப்சூல். அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை. நாப்பத்தஞ்சு நாள் தலையணை உறை மஞ்சளாச்சு. நொடி ரெண்டு குறைஞ்சுது, மறுவாரம் ரெண்டு கூடிச்சு. நெஞ்செரிச்சல்னு சொன்னா. எழுதிக்கிட்டேன்.

இப்ப வர்றான் பாருங்க குருபிரகாசம். பூங்காவுல காலையில யோகா சொல்லிக் குடுக்கிறவன். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தாடி, கையில எப்பவும் ஒரு எண்ணெய்ப் பிசுபிசுப்பு. அந்தக் கையால என் கையைப் பிடிப்பான், அப்புறம் அரை மணி நேரம் என் கை நாறும். 'நடைமலர்'னு அவனே போடுற மூலிகைக் கேப்சூல். பதினெட்டு மூலிகை, எல்லாம் கொல்லிமலையில பறிச்சதுன்னான். எனக்கு அவன் மூஞ்சியைப் பாத்ததுமே பிடிக்கலை. இவனை மடக்கிடணும்னுதான் ஒரு டப்பா வாங்கினேன்.

நகைக்கடையில வைக்கிற சின்னத் தராசு ஒண்ணு என்கிட்ட இருக்கு, மில்லிகிராம் காட்டும். டப்பாவுல ஐந்நூறு மில்லிகிராம்னு போட்டிருந்துது. இருபது கேப்சூலைப் பிரிச்சு, தூளைக் கொட்டி, ஒவ்வொண்ணா நிறுத்தேன். நம்புவீங்களா? ஐந்நூறு. ஐந்நூறு. நானூத்தித் தொண்ணூத்தொன்பது. ஐந்நூறு. இருபதும் அப்படியே. கொலாஜன்காரன் கால் கிலோன்னு போட்டு எட்டு கிராம் குறைச்சிருந்தான் சார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சுத்தமான எடையை நான் பாத்ததில்லை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தாடியைப் பாத்து ஒரு யோக்கியனைச் சந்தேகப்பட்டோமேன்னு வெக்கமா இருந்துது.

கார்த்திகையில ஆரம்பிச்சோம். மூணே நாள். மூணாவது நாள் காலையில இவ கையை ஊனாம எழுந்திரிச்சா. பதினெட்டு நொடி எடுக்கிறவ, ஆறு நொடி. அஞ்சாவது நாள் கோயிலுக்கு எங்கேயும் உட்காராம போய்ட்டு வந்தா. வாசல்ல நின்னு, 'ஏங்க, வலியே இல்லைங்க'ன்னா. குரலே மாறிப் போச்சு. நான் உள்ளே போய் எழுதினேன். ஆறு நொடி.

பூங்காவுல எல்லார்கிட்டயும் சொன்னேன். சும்மா சொல்லலை, பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். குருபிரகாசம் என்கிட்ட வந்து, 'ஐயா, உங்க வாயால ஒரு வரி எழுதிக் குடுங்க'ன்னான். எழுதிக் குடுத்தேன். 'இருபது கேப்சூல்கள் என்னால் எடையிடப்பட்டன. ஒவ்வொன்றும் ஐந்நூறு மில்லிகிராம், இம்மி பிசகாமல் உள்ளது. பலனும் நேரில் கண்டேன். அம்பலவாணன், முத்திரை ஆய்வாளர், ஓய்வு.' கையெழுத்து, தேதி. அதை நகல் எடுத்து ஒவ்வொரு டப்பாவுலயும் ஒட்டிட்டான். மயிலாடுதுறை முழுக்க என் கையெழுத்து. அப்ப பெருமையாத்தான் இருந்துது, இல்லைன்னு சொல்லலை.

தை மாசம் இவளுக்கு முகம் நல்லா உருண்டு பூரிச்சுப் போச்சு. சந்தோஷம்தான்னு நெனச்சேன், எழுதினேன். நாலு இட்லி சாப்பிடுறவ ஏழு சாப்பிட்டா. எழுதினேன். ராத்திரியில தூக்கம் வரலைன்னு மூணு மணிக்கு எழுந்து பாத்திரம் தேய்ப்பா. சுறுசுறுப்புன்னு எழுதினேன். முழங்கையில, தொடையில நீலம் நீலமா தடம். 'எங்கேடி இடிச்சுக்கிட்டே?' 'எங்கேயும் இடிச்சுக்கலைங்க.' அதையும் எழுதினேன்.

சக்கரைதான் கெட்டுது. வெறும் வயித்துல நூத்திமுப்பது இருந்தது இருநூத்தித் தொண்ணூறு. எனக்குப் புரிஞ்சு போச்சு. ஏழு இட்லி திங்கிறவ இனிப்பையும் திங்கிறா. சக்கரை டப்பா, வெல்லம், கற்கண்டு, எல்லாத்தையும் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். அடுத்த வாரம் முந்நூத்திப் பத்து.

'எங்கே வாங்கித் திங்கிறே?'

'நான் தொடலைங்க. சத்தியமா தொடலை.'

'கோயில் பிரசாதமா?'

'வாங்கி அந்த அர்ச்சகர் பையனுக்கே குடுத்துட்டு வரேங்க.'

வாயைத் திறன்னேன். திறந்தா. மோந்து பாத்தேன். சோதனைன்னா சோதனைதான் சார், அதுல பெண்டாட்டி என்ன, கடைக்காரன் என்ன. வாயில ஒரு வாசனையும் இல்லை. கழுவிட்டா போலன்னு நெனச்சேன். இந்த வயசுல திருட்டுத் தீனியான்னு எனக்கு அப்ப அவ்வளவு அருவருப்பு. ஒரு மாசம் அவ முகத்தைப் பாத்துச் சாப்பிட முடியலை எனக்கு. தட்டை எடுத்துக்கிட்டுக் கூடத்துக்குப் போய்டுவேன்.

குத்தாலமா? டீ குடிக்கிறீங்களா? வேணாமா. நானும் குடிக்கிறதில்லை, இந்தக் கடைங்கள்ல டம்ளரைக் கழுவுற தண்ணியைப் பாத்திருக்கேன்.

பங்குனியில முடிவான மதிப்பெண் போடலாம்னு நெனச்சேன். ஒரு பொருள் நல்லதான்னு தெரியணும்னா நிறுத்திப் பாக்கணும். பதினஞ்சு நாள் நிறுத்துவோம், வலி திரும்ப வந்தா மருந்துதான் காரணம்னு உறுதியாகிடும். குருபிரகாசத்துக்கிட்ட சொன்னேன். அவன் மூஞ்சி வெளுத்துது. 'ஐயா, திடீர்னு நிறுத்தாதீங்க. நிறுத்தவே கூடாது. அப்படி நிறுத்தணும்னா பாதி, கால்னு மெதுவா…' எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எந்த வியாபாரி நிறுத்துன்னு சொல்லுவான்? அவன் சரக்கு விக்கணும்ல? மறுநாளே நிறுத்தினேன்.

ரெண்டாம் நாள், எழுந்திரிக்க இருபத்தாறு நொடி. மூணாம் நாள் வாந்தி. நாலாம் நாள், 'என்னால முடியலைங்க, ஒரே ஒரு கேப்சூல் குடுங்க'ன்னு கேட்டா. பல்லைக் கடிச்சுக்கோ, பதினஞ்சு நாள்தானேன்னேன். அஞ்சாம் நாள் ஆறரை மணிக்கு நான் நிக்கிறேன், இவ எழுந்திரிக்கலை. நொடி ஓடுது. நாப்பது. அம்பது. எழுந்திரின்னு சொல்றேன். தொண்ணூறு நொடி வரைக்கும் பாத்தேன் சார். அப்புறம்தான் குனிஞ்சு தொட்டேன். உடம்பு சில்லுன்னு ஈரமா இருந்துது.

ஆஸ்பத்திரியில ரத்த அழுத்தம் பாதாளத்துல. ஒரு சின்னப் பொண்ணு டாக்டர், மக வயசு கூட இருக்காது. என்ன மருந்து சாப்பிடுறாங்கன்னு கேட்டா. நான் பதிவேட்டை நீட்டினேன். மத்தவனெல்லாம் பேந்தப் பேந்த முழிப்பான், நான் தேதி வாரியா குடுத்தேன். அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே படிச்சா. பக்கம் திருப்பத் திருப்ப அவ முகம் மாறுது.

'ஐயா, இதை நீங்களா எழுதினீங்க?'

'ஒரு நாள் விடாமம்மா.'

சத்தமா படிச்சா. 'தை எட்டு, முகம் பூரிப்பு. தை பதினஞ்சு, ஏழு இட்லி. மாசி மூணு, முழங்கையில் நீலம், இடித்துக்கொள்ளவில்லை என்கிறாள். மாசி பன்னெண்டு, சர்க்கரை முந்நூற்றுப் பத்து, திருட்டுத் தீனி.' அதுக்கு மேல படிக்கலை. 'ஐயா, இது மூலிகை இல்லை. ஸ்டீராய்டு கலந்திருக்கான். வலி உடனே போகும், முகம் வீங்கும், பசிக்கும், சக்கரை ஏறும், தொட்ட இடம் நீலமாகும். மாசக்கணக்குல சாப்பிட்டா உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டை நிறுத்திடும். அப்புறம் கேப்சூலைத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் விழுவாங்க. இந்த ஒரு பக்கத்தை எந்த டாக்டர்கிட்டயாவது காட்டியிருந்தீங்கன்னா ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பாங்களே. எல்லாத்தையும் பாத்திருக்கீங்களே ஐயா.'

ஆமா, பாத்திருக்கேன். ஒரு நாள் விடாம பாத்திருக்கேன். அந்தப் பக்கங்களையெல்லாம் அந்தப் பொண்ணு போன்ல படம் பிடிச்சுக்கிட்டா சார். படிக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டணுமாம். அவ்வளவு சுத்தமான பதிவு.

ரத்தத்தைச் சோதிச்சாங்க, அவ சொன்ன மாதிரியே இருந்துது. கேப்சூலையும் அனுப்பிப் பாத்தாங்க, அதுலயும் இருந்துது. ஒன்பது நாள் படுக்கை. பொழைச்சுட்டா. குருபிரகாசம் அன்னைக்கே பூங்காவுலேர்ந்து மாயம். புகார் குடுத்திருக்கேன், தேடுறாங்களாம். அந்தக் கையை நெனச்சா இப்பவும் போய் என் கையைக் கழுவுறேன். பதினெட்டு மூலிகைன்னானே! எத்தனை பேரு கும்பிட்ட கை!

ஆனா ஊரு யாரை ஏசுது தெரியுமா? என்னை. தபால் ஆபீஸ்ல இருந்த கலியபெருமாள், கூட நடக்கிற ஆளு, அவருக்கு வயித்துல ரத்தம் கசிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தார். பூங்கா வாசல்ல என்னை நிறுத்தி, டப்பாவுல இருந்த என் கையெழுத்தைக் கிழிச்சுக் கொண்டுவந்து என் சட்டைப் பையில திணிக்கிறார். 'உங்க பேரைப் பாத்துத்தானேய்யா வாங்கினேன்.' நான் என்ன எழுதினேன்? ஐந்நூறு மில்லிகிராம்னு எழுதினேன். குறைஞ்சுதா? ஒரு மில்லிகிராம் குறைஞ்சுதா? இப்பவும் எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் அந்த எடைக்கு நான் ஜவாப்தாரி. உள்ளே இருந்தது என்னன்னு பாக்கிறது என் டிபார்ட்மெண்டா? நன்றி கெட்ட ஜனங்க. பூங்காவுக்குப் போறதையே விட்டுட்டேன். அந்த மூஞ்சிங்களைப் பாக்கப் பிடிக்கலை.

ஆடுதுறை தாண்டியாச்சா. உங்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கும், மாத்தி வெச்சுக்குங்க.

ஆஸ்பத்திரியிலேர்ந்து மக நேரா தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டா. சுபாஷிணின்னு பேரு, பேங்க்ல இருக்கா. அங்கே லிஃப்ட் இருக்கு, இவளுக்குச் சௌகரியம். அதுக்காகத்தான். ஏழு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போறேன். முகம் வடிஞ்சு பழையபடி ஆயிருச்சு. சக்கரை நூத்திநாப்பது. வேற என்ன? ஆங், காலைத் தூக்கி இறக்குறா. அந்த எலும்பு டாக்டர் சொன்னதேதான். ஒரு பொண்ணு வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போச்சாம். வலி பாதி போச்சுன்னு மக சொல்றா. எத்தனை நொடி, எத்தனை படி, யாராவது குறிச்சு வெச்சிருக்காங்களான்னா இல்லை. அப்புறம் பாதின்னு எப்படிச் சொல்றே? 'அம்மா சொல்றாப்பா'ங்கிறா. அவ சொன்னா போதுமாம்.

போன மாசம் மககிட்டயே கேட்டேன், அம்மாவை எப்ப அனுப்பப் போறீங்கன்னு. 'அப்பா, நீங்க அம்மாகிட்ட ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்க'ங்கிறா. எதுக்கு? அவ இனிப்புத் திங்கலைன்னு ஆயிடுச்சு, சரி, ஒத்துக்கிறேன். சக்கரையை ஏத்தினது யாரு? குருபிரகாசம். மீன் தோலைப் பவுடர் பண்ணினது யாரு? கம்பெனிக்காரன். நான் ஏழு மாசத்துக்கு மேல விடிகாலையில எழுந்து அவ பக்கத்துல நின்னேன் சார். எந்தப் புருஷன் நிப்பான்? இதை இவகிட்டயே கேட்டேன். 'ஆமாங்க, நின்னீங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மோர் கலந்து கொண்டாந்து வெச்சுட்டு உள்ளே போய்ட்டா.

போன ஞாயித்துக்கிழமை பஸ் சீக்கிரமா போய்ச் சேந்துருச்சு. பத்தரைக்குப் போறவன் ஒன்பதே முக்காலுக்கே போய்ட்டேன். லிஃப்ட் வேலை செய்யலை, மாடி ஏறிப் போனேன். கதவு பாதி திறந்திருந்துது. உள்ளே இவ, மக, அந்தக் கால் பயிற்சிப் பொண்ணு, மூணு பேரும் பேசிக்கிட்டிருந்தாங்க. என்ன பேச்சுன்னு காதுல விழலை. திடீர்னு இவ சிரிச்சா. சின்னச் சிரிப்பு இல்லை சார். மூச்சு முட்டி, இருமல் வந்து, 'அய்யோ போதும்டி, போதும்டி'ன்னு சொல்லிக்கிட்டே திரும்பத் திரும்பச் சிரிக்கிறா. வேற யாரோன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா அவதான். தரையில உட்காந்து, ரெண்டு காலையும் நீட்டி, கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

நான் செருப்பைக் கழட்டின சத்தம் கேட்டுது. நின்னு போச்சு. மூணு பேரும் எழுந்துட்டாங்க. 'வாங்க'ன்னா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டா.

'என்ன சொல்லிச் சிரிச்சீங்க?'ன்னு கேட்டேன்.

'ஒண்ணுமில்லைங்க'ன்னா.

மகளைக் கேட்டேன், அவளும் ஒண்ணுமில்லைப்பாங்கிறா. அந்தப் பயிற்சிப் பொண்ணு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுச்சு. எனக்கு எரிச்சல் வந்துது. எங்க வீட்டுல முப்பத்தேழு வருஷம் இருந்தவ. அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது சார்.

கும்பகோணம் வந்துருச்சு, உங்க எடம். மெதுவா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிங்க. அவசரமில்லை, வண்டி இங்கே பத்து நிமிஷம் நிக்கும். நானும் ஒன்பதரைக்குள்ள போய்டுவேன். போனதும் உடனே உள்ளே போகப் போறதில்லை. படிக்கட்டுலயே செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்னு கேக்கணும்.